கடைசி பெஞ்சிலிருந்து

1989ஆம் ஆண்டு ஜூலையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலை துறைத்தலைவர் வருகைப் பதிவேட்டையும் ஒரு சாக்பீஸ் டப்பாவையும் என் கையில் கொடுத்தார். "மூணாவது ஹவர், ஃபர்ஸ்ட் இயர் பி.எஸ்ஸி. போயிட்டு வாங்கம்மா" என்றார். எனக்குக் கிடைத்த ஆசிரியப் பயிற்சி அவ்வளவுதான்.

எம்.எஸ்ஸி.யும் எம்.ஃபிலும் முடித்திருந்தேன். பாடம் தெரியும். அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று அதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கு பி.எட். வேண்டும். கல்லூரிக்கு மட்டும் பாடம் தெரிந்தால் போதும் என்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். என் பேராசிரியர் எப்படி நடத்தினாரோ அப்படியே நானும் நடத்தினேன். அவரும் தன் பேராசிரியரைப் பார்த்துத்தான் கற்றிருப்பார்.

இரண்டாவது மாதம் பருமனறி பகுப்பாய்வு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆக்ஸாலிக் அமிலத்தின் சமான நிறை 45 என்று போர்டில் எழுதினேன். நீரேறாத அமிலத்துக்கு அது சரி. ஆனால் நம் ஆய்வகப் புட்டியில் இருப்பது இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகம், அதற்கு 63. ஒரு லிட்டர் டெசிநார்மல் கரைசலுக்கு 6.3 கிராம் எடைபோட வேண்டிய இடத்தில் 4.5 கிராம் என்று கணக்கும் போட்டுக் காட்டினேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது மேடம்" என்று வகுப்பே சொன்னது.

தேர்வுத் தாள்கள் வந்தபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் 45 இருந்தது. என் தவறு அறுபது கையெழுத்துகளில் என்னிடமே திரும்பி வந்திருந்தது. கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பிளஸ் டூ லேப்ல 63னுதான் மேடம் போட்டோம்" என்றாள். அப்புறம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க போர்டுல எழுதினீங்களே மேடம்" என்றாள்.

எண் தப்பாகப் போனதைத் திருத்த ஒரு நிமிடம் போதும். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்படி உட்கார வைத்தது என் வகுப்பு என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்குமேல் நான் செய்த வேலை முழுவதும் அந்தப் பெண்ணின் பதிலிலிருந்து கிளம்பியது.

ஆறு நிமிடம்

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, கல்லூரி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தேவை என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் அவை அமைந்தன. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையம் என்றும், 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையம் என்றும் பெயர் மாறின. அந்நாளில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்கு வார ஓரியன்டேஷன் இருந்தது. 24 வேலை நாட்கள், 144 மணி நேரம் என்பது கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில் அப்படி ஒரு பயிற்சிக்கு நான் போனேன். நல்ல உரைகள் பல கேட்டேன். உயர்கல்வி வரலாறு, அறிவியலும் சமூகமும், சுற்றுச்சூழல் என்று ஒவ்வொன்றும் ஒரு விதத்தில் பயன்பட்டது. ஆனாலும் அந்த 144 மணி நேரத்தில் என்னை மாற்றியது ஆறு நிமிடம்.

பி.எட். கல்லூரி ஒன்றின் முதல்வராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மைக்ரோ டீச்சிங் நடத்த வந்தார். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை அது. நம் ஊர் பி.எட். மாணவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு ஆறு நிமிடம் பாடம் நடத்த வேண்டும். பிறகு ஆறு நிமிடம் கருத்துக் கேட்க வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் பாடத்தை மாற்றியமைத்து, மறுபடி ஆறு நிமிடம் நடத்தி, மறுபடி ஆறு நிமிடம் கேட்க வேண்டும். மொத்தம் 36 நிமிடச் சுற்று.

நான் நடத்தி முடித்ததும் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்திருந்த தாளை எடுத்தார். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "ஆறு நிமிஷத்துல ஒன்பது கேள்வி கேட்டீங்கம்மா. ஒன்பதுக்கும் நீங்களே பதில் சொல்லிட்டீங்க" என்றார்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளரைப் பற்றி அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அவர் அளந்து, 1970களில் எழுதினார். சராசரியாக ஒரு விநாடிதான், சில சமயம் அதுவும் இல்லை. அதை மூன்று விநாடியாக நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பதிலே வராமல் போவது குறைகிறது, 'மந்தம்' என்று ஆசிரியர் ஒதுக்கிவைத்த பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது சுற்றில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மின்விசிறிச் சத்தம் கேட்டது. தொண்டை வறண்டது. பதிலைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. மூன்று. நான்கு என்று எண்ணும்போது, மாணவராக உட்கார்ந்திருந்த ஒரு வரலாற்றுத்துறை ஆசிரியர் மெல்லக் கையைத் தூக்கினார். மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது மேடையில் நின்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துச் சொல்லியிருக்காவிட்டால், நான் காத்திருப்பதில்லை என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

கதவைத் திறந்தது

கல்லூரிக்குத் திரும்பியதும் தமிழ்த்துறையில் இருந்த என் தோழியிடம், "என் வகுப்புல வந்து ஒரு மணி நேரம் உட்காருங்கக்கா" என்று கேட்டேன். அவர் தயங்கினார். "எனக்கு கெமிஸ்ட்ரில என்ன தெரியும்?" பாடத்தைப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளைப் பாருங்கள் என்றேன். அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்து ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "ஐம்பது நிமிஷமும் பொம்பளப் புள்ளைங்க பக்கம் பார்த்துத்தான் பேசினே. பசங்க பக்கம் நாலாவது பெஞ்சுக்குப் பின்னாடி ஒருத்தனும் எழுதல."

அன்றே அந்தப் பக்கம் நகர்ந்து நின்றேன். பிறகு அவர் வகுப்புக்கு நான் போனேன். வேறு துறைக்காரர் வந்து உட்கார்வதில் ஒரு நன்மை உண்டு. பாடம் அவருக்கும் புதிது. மாணவர் எங்கே தடுக்கி விழுகிறாரோ அங்கே அவரும் விழுவார். எங்கள் இருவருக்கும் அது பெரிய பள்ளிக்கூடமாக இருந்தது.

இதை ஒரு நிறுவன வேலையாகவே செய்யும் இடங்கள் உலகில் இருக்கின்றன என்பது பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இலேயே கற்றல் கற்பித்தல் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அந்நாட்டில் அப்படிப்பட்ட மையங்களில் முதலாவது அது. செமஸ்டர் நடுவே மையத்தைச் சேர்ந்தவர் வகுப்புக்கு வருவார், ஆசிரியர் வெளியே போய்விடுவார். எது படிக்க உதவுகிறது, எதை மாற்றலாம் என்று மாணவர்களிடம் பேசித் திரட்டியதை ஆசிரியரிடம் மட்டும் தனியாகச் சொல்வார். நம் ஊரிலும் தரமணியில் 1964இல் தொடங்கிய தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி தந்துவந்தது. கலை, அறிவியல் கல்லூரிக்காரர்களான எங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் தாமதமாக வந்தது.

நோட்டுப் புத்தகம்

பின்னர் பல்கலைக்கழகத்துக்கு மாறினேன். இளம் ஆசிரியர்களின் கற்பித்தலுக்கு உதவ ஒரு சிறு பிரிவு வைத்தபோது அதை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு நோட்டுப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு நான் செய்தது மூன்று காரியம்.

வகுப்புக்கு முந்தைய நாள் ஆசிரியரோடு பதினைந்து நிமிடம் பேசுவேன். "நாளைக்கு நான் எதைப் பார்க்கணும்?" என்று கேட்பேன். எதைப் பார்ப்பது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். மறுநாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவேன். அதற்கடுத்த நாளுக்குள் அந்தப் பக்கத்தை நடுவில் வைத்து இருவரும் பேசுவோம்.

நோட்டில் மூன்று பத்திகள். நேரம், ஆசிரியர் செய்தது, மாணவர்கள் செய்தது. 'நன்று', 'சுமார்' போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். கணிதத்துறை இளைஞர் ஒருவரின் வகுப்பில் எழுதியது நினைவில் இருக்கிறது. 10.14: வகைக்கெழுவின் வரையறை போர்டில். எல்லாரும் எழுதுகிறார்கள். 10.19: 'ஏன் பூஜ்ஜியம்னு நேரா போடக் கூடாது?' என்று ஆசிரியர் கேட்கிறார். 10.19: அவரே பதில் சொல்கிறார். 10.22: மூன்றாம் பெஞ்சு மாணவர் பேனாவை மூடுகிறார். 10.24: பக்கத்தில் இருப்பவரும்.

அந்தப் பக்கத்தை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் பேசவில்லை. "10.19லதான் மேடம் விட்டுட்டேன்" என்று அவரே சொன்னார். "அந்தக் கேள்விதான் அன்னைக்குப் பாடமே." அடுத்த வாரம் அதே போன்ற ஓர் இடத்தில் கேள்வியைப் போர்டில் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொன்னார். வகுப்பு சந்தைக்கடை போல இரைந்தது. பயந்துபோய் என்னைப் பார்த்தார். தொடருங்கள் என்று தலையசைத்தேன்.

தொடக்கத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். நிர்வாகத்தில் இருந்த ஒருவர், ஓர் ஆசிரியரின் பதவி உயர்வு சம்பந்தமாக என் குறிப்புகளைக் கேட்டார். அதிலிருக்கும் ஆபத்து புரியாமல் கொடுத்துவிட்டேன். செய்தி ஸ்டாஃப் ரூம்களில் பரவியது. அடுத்த ஆறு மாதம் என்னை யாரும் வகுப்புக்குக் கூப்பிடவில்லை. நான் வராந்தாவில் நடந்தால் கதவுகள் சாத்தப்பட்டன. அந்த ஆசிரியரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பேசி முடித்ததும் அந்தப் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து ஆசிரியர் கையில் கொடுத்துவிடுவேன். என்னிடம் நகல் இருக்காது. யார் கேட்டாலும் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

உதவியையும் மதிப்பெண்ணையும் ஒரே கையில் வைத்திருக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன். 2010ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகள் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தபோது ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளுக்கும் (எஃப்.டி.பி.) புள்ளி வந்தது. "இந்த எஃப்.டி.பி.க்கு எத்தனை பாயிண்ட் மேடம்?" என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பதவி உயர்வு அவர்கள் குடும்பத்தின் வாழ்வு. ஆனால் பயிற்சி மண்டபத்தில் உட்கார்ந்ததற்குச் சான்றிதழ் கிடைக்கிறது. திரும்பிப் போன பிறகு வகுப்பில் என்ன மாறியது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு வாரப் பயிற்சிக்குப் பின் மூன்று முறையாவது ஒருவர் வகுப்பில் வந்து உட்கார்ந்தால்தான் அந்தப் பயிற்சி முழுமை பெறும்.

அரைத்தாள்

செமஸ்டர் முடிவில் மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குகிறோம். அதைப் படித்து ஆசிரியர் மாறுவதற்குள் அந்த மாணவர்கள் அடுத்த செமஸ்டருக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஐந்தாவது வாரத்தில் அரைத்தாள் கொடுக்கச் சொல்வேன். பெயர் வேண்டாம். இரண்டே கேள்வி. இந்த வகுப்பில் படிக்க எது உதவுகிறது? எது தடையாக இருக்கிறது? தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம்.

வந்த தாள்களில் பெரும்பாலானவை சின்னச் சின்ன விஷயங்கள். 'போர்டுல எழுதிட்டு அதை மறைச்சுகிட்டு நிக்கிறீங்க சார்.' 'கடைசி பெஞ்சுக்குக் கேக்கல.' எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வந்தது ஒன்று: 'இங்கிலீஷ்ல சொன்னத ஒரு தடவ தமிழ்ல சொல்லுங்க.'

இந்த வரியை நான் லேசாக எடுத்துக்கொண்டதே இல்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் என்பது பாடத்தோடும் மொழியோடும் ஒரே நேரத்தில் நடக்கும் போராட்டம். 'வினைவேக மாற்றி' என்று நன்றாகப் படித்தவன் 'கேட்டலிஸ்ட்' என்று கேட்டதும் தனக்குத் தெரியாத ஒன்று என்று நினைத்துக்கொள்கிறான். இளம் ஆசிரியர்களுக்கு நான் சொன்ன வழி எளியது. போர்டின் இடது ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அன்றைய கலைச்சொற்களை இரு மொழியிலும் அங்கே எழுதி, மணி அடிக்கும்வரை அழிக்காதீர்கள். கருத்தை முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொல்லி, பிறகு தேர்வில் எழுத வேண்டிய வாக்கியத்தை அவர்களையே அமைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்தவர்கள் வகுப்பில் கை தூக்குபவர்களின் எண்ணிக்கை கூடியதை நானே எண்ணியிருக்கிறேன்.

ஆய்வகத்தில் ஒரு ஸ்காலர்

நாளைய ஆசிரியர்கள் இன்றைய பிஎச்.டி. ஸ்காலர்கள். 2022ஆம் ஆண்டு யுஜிசியின் பிஎச்.டி. விதிமுறைகள், எந்தத் துறையானாலும் ஆய்வு மாணவர்கள் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. டுட்டோரியல், ஆய்வக வகுப்பு, மதிப்பீடு ஆகியவற்றில் வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் அவர்களுக்கு வேலை கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. இந்த விதி வந்தபோது மனதார மகிழ்ந்தேன். காகிதத்தில் நின்றுவிடக் கூடாதே என்ற கவலையும் இருந்தது. கைடுகளில் சிலர், "நாலு மணி நேரம் போனா பேப்பர் யார் எழுதுறது?" என்று கேட்டார்கள். நியாயமான கவலைதான். சொல்லிக்கொடுக்கத் தெரியாமல் பட்டம் பெற்று, வேலைக்குச் சேர்ந்த பிறகு அறுபது பிள்ளைகள்மேல் பழகுவதற்கு யார் விலை கொடுப்பது என்று அவர்களிடம் கேட்டேன்.

அப்போது எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு ஸ்காலர், தானும் தமிழ்வழியில் படித்தவர். இளநிலை மாணவர்களின் பிராக்டிகல் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பினோம். பெர்மாங்கனேட் டைட்ரேஷன். ஓடி ஓடி உதவினார். ஒருவனுடைய பிப்பெட்டை வாங்கித் தானே உறிஞ்சிக் கொடுத்தார். இன்னொருத்திக்கு, "போதும்மா, எண்ட் பாயிண்ட் வந்துடுச்சு" என்றார். மூன்றாமவன் டைட்டர் வேல்யூவைப் பக்கத்து நோட்டிலிருந்து பார்த்து எழுதினான். இரண்டரை மணி நேரத்தில் அவரிடம் கேட்கப்பட்ட எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டார். மாணவர்கள் எல்லாரும் நேரத்துக்கு முடித்தார்கள்.

மறுநாள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் நானே செஞ்சிருக்கேன் மேடம்" என்றார். அவர் கற்க வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை. அவரிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். இப்போ என்ன பார்த்தே? என்ன எதிர்பார்த்தே? அடுத்து என்ன செஞ்சு பார்க்கலாம்? மாணவர் எதைக் கேட்டாலும் முதலில் இந்த மூன்றில் ஒன்று.

அடுத்த வாரம் ஒரு மாணவி கூம்புக் குடுவையோடு வந்தாள். பெர்மாங்கனேட் சேர்த்தால் நிறம் போகவே மாட்டேன் என்கிறது என்றாள். முதல் சொட்டிலேயே இளஞ்சிவப்பு நின்றுவிட்டது; அதையே எண்ட் பாயிண்ட் என்று குறிக்கவா என்று கேட்டாள். ஸ்காலர் வாயைத் திறந்தார், மூடினார். "குடுவையைத் தொட்டுப் பாரு. என்ன தெரியுது?" என்றார். அவள் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. சற்று நேரம் யோசித்தாள். "சூடு பண்ணணுமா சார்?" 60 டிகிரிக்கு மேல் சூடாக்கித் திரும்ப வந்தாள். முதல் சொட்டு மெல்ல நிறம் இழந்தது, அடுத்தது சட்டென்று. "முதல்ல மெதுவா, அப்புறம் ஏன் சார் வேகமா?" என்று அவளே கேட்டாள். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அந்த வினையை முடுக்கிவிடுகிறது. தன்வினைவேக மாற்றம் என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த சொல், அன்று அவள் கண்ணுக்கு முன்னால் குடுவையில் நடந்தது. அந்த ஸ்காலரின் முகத்தில் நான் பார்த்த சந்தோஷத்தை, ஆய்வுக் கட்டுரை ஏற்கப்பட்டபோதும் பார்த்ததில்லை.

கேட்டுக்கொள்வது

ஓய்வுபெற்றுவிட்டேன். பல்கலைக்கழகங்களை நடத்துபவர்களிடம் கேட்டுக்கொள்ள எனக்குச் சில விஷயங்கள் உண்டு. புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு முதல் ஆண்டில் வகுப்பு நேரத்தைக் கொஞ்சம் குறைத்து, மூத்தவர் ஒருவரின் வகுப்பில் வாரம் ஒரு மணி நேரம் உட்கார விடுங்கள். மூத்தவரும் அவர் வகுப்பில் போய் உட்காரட்டும். அந்த நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கௌரவ விரிவுரையாளர்களை மறக்காதீர்கள். அரசுக் கல்லூரிகளில் எத்தனையோ வகுப்புகளை அவர்கள்தான் சுமக்கிறார்கள். என் பயிற்சிகளுக்கு வந்தவர்களில் அவர்கள் மிகக் குறைவு. வர விருப்பமில்லாமல் அல்ல, அனுப்ப ஆளில்லாமல். பார்த்து எழுதும் குறிப்பு எந்தக் கோப்புக்கும் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். செலவு அதிகமில்லை. ஓர் அறை, இரண்டு நாற்காலி, ஒரு நோட்டு போதும் என்பதற்கு நானே சாட்சி.

பணியின் கடைசி மாதத்தில் ஓர் இளம் ஆசிரியையின் வகுப்புக்குப் போயிருந்தேன். போர்டில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டுத் திரும்பினார். நடு வரிசையில் ஒரு பையன் எழுந்தான். "மேம், ரைட் சைடுல ஆக்ஸிஜன் ஒண்ணு குறையுது." வகுப்பு அமைதியாயிற்று. ஆசிரியை போர்டைப் பார்த்தார். உடனே திருத்தவில்லை. "எப்படிப் பார்த்தே, வந்து காட்டு" என்று சாக்பீஸை நீட்டினார்.

11.32 என்று எழுதினேன். ஆசிரியர் செய்தது: சாக்பீஸைக் கொடுக்கிறார், காத்திருக்கிறார். மாணவர்கள் செய்தது: எல்லாரும் போர்டைப் பார்க்கிறார்கள். எழுதி முடித்துவிட்டு, 63 என்று தெரிந்தும் சொல்லாமல் உட்கார்ந்திருந்த பெண்ணை நினைத்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஆசிரியையிடம் கொடுத்தேன்.